பாதியில் நிற்காத படிப்பு: சுகாதாரப் பணியாளர்களின் இணையவழிக் கல்வி குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் ‘அண்டர்ஸ்டாண்டிங் டிமென்ஷியா’ என்ற இலவச இணையவழிப் படிப்பைத் தொடங்கியது. மறதிநோயைப் பற்றிய அந்தப் படிப்பை வடிவமைத்தது அப்பல்கலைக்கழகத்தின் விக்கிங் மறதிநோய் ஆராய்ச்சி, கல்வி மையம். முதல் முறையிலேயே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கடைசிவரை வந்து முடித்தார்கள். ‘மூக்’ என்று அழைக்கப்படும் இத்தகைய பெருந்திரள் படிப்புகளில் அந்தக் காலத்தில் 5 முதல் 10 சதவீதம் பேர் முடித்தாலே வழக்கமான அளவு என்று கருதப்பட்டது.

முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, யார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலவச இணையப் படிப்புகளை முடிப்பவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள். படித்துத் தேர்வெழுதிப் பழகிய கைகள். இந்தப் படிப்புக்கு வந்தவர்களோ முதியோர் இல்லங்களில் வேலை பார்ப்பவர்கள், செவிலியர்கள், வீட்டில் தாயையோ தந்தையையோ துணையையோ கவனித்துக்கொள்பவர்கள். பெண்களே மிகுதி. நடுவயதுக்காரர்கள் ஏராளம். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர்களும் பட்டதாரிகளோடு சேர்ந்து முடித்தார்கள். கல்வித் தகுதி, வழக்கம்போல ஆட்களைச் சலித்துத் தள்ளிவிடவில்லை. குறைந்த கல்விப் பின்னணி உள்ள பெரியவர்களையும் மனத்தில் வைத்தே படிப்பு வடிவமைக்கப்பட்டிருந்தது.

சுகாதாரப் பணியாளர்களுக்கான படிப்புகளில் இடைநிற்றலைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த நிகழ்வுக்குத் திரும்புவதற்கு அதுவே காரணம். ஆர்வமில்லை, ஒழுங்கில்லை, அடிப்படைக் கல்வி போதவில்லை என்று மாணவர் பக்கம் கைகாட்டும் பழக்கம் பாடத்திட்டக் கூட்டங்களில் இன்னும் உண்டு. டாஸ்மேனியா அனுபவம் அந்த வாதத்தின் காலை வாரிவிடுகிறது.

சதவீதத்தை எதன்மேல் கணக்கிடுவது

எண்களை முதலில் கொஞ்சம் சந்தேகிப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்ஐடியும் 2012 இலையுதிர்காலம் முதல் 2013 கோடைக்காலம் வரை நடத்திய 17 இணையப் படிப்புகளுக்கு 8,41,687 பதிவுகள் வந்தன. சான்றிதழ் பெற்றவை 43,196. அதாவது ஐந்து சதவீதம். ஆனால் அந்தப் பதிவுகளில் 2,92,852 பாடப்பக்கத்தை ஒருமுறைகூடத் திறக்காதவை. படிப்பையே தொடங்காதவரை ‘இடைநின்றவர்’ என்று எப்படிச் சொல்வது? பேருந்தில் ஏறாதவரை வழியில் இறங்கியவர் பட்டியலில் சேர்த்தது போலாகிவிடும்.

நோக்கத்தையும் கேட்க வேண்டும். ஹார்வர்டின் ஒன்பது இணையப் படிப்புகளில் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் அவர்கள் திட்டம் என்ன என்று கேட்கப்பட்டது. முடித்தே தீருவேன் என்றவர்களில் 22 சதவீதம் பேர் சான்றிதழ் பெற்றார்கள். சும்மா எட்டிப்பார்க்க வந்தேன் என்றவர்களில் 6 சதவீதம். இந்த முடிவில் பலர் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: நோக்கம் இருந்தால் விகிதம் கூடுகிறது. எனக்கு உறுத்துவது மறுபாதி. முடித்தே தீருவேன் என்று சொல்லிவிட்டு வந்தவர்களிலும் நான்கில் மூன்று பங்குக்கு மேல் முடிக்கவில்லை. விருப்பம் இருந்தது, வேறு ஏதோ இல்லை.

பணம் கட்ட வைத்தால் முடிப்பார்கள் என்ற யோசனையும் அடிக்கடி எழும். 2017–18 கல்வியாண்டில் ஹார்வர்டு, எம்ஐடி இணையப் படிப்புகளில் பதிவு செய்த அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் முடித்தவர் 3.13 சதவீதம். கட்டணம் செலுத்திச் சான்றிதழ் வழியைத் தேர்ந்தவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். வித்தியாசம் பெரிது. ஆனால் கட்டணம் அவர்களை உறுதியாக்கியதா, உறுதியானவர்கள் கட்டணம் கட்டினார்களா என்பதை இந்த எண் சொல்லாது. சம்பளம் குறைவான பராமரிப்பாளர்களுக்கான படிப்பில் கட்டணத்தை மருந்தாகப் பரிந்துரைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

ஆக, ஒரு படிப்பின் இடைநிற்றலை அளக்க விரும்புபவர் மூன்று எண்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது: பதிந்தவர், முதல் பாடத்தைத் திறந்தவர், முதல் சிறுதேர்வை எழுதியவர். மூன்றாவது எண்ணிலிருந்து தொடங்கும் இழப்புதான் வடிவமைப்பாளர் மனம் வைத்தால் குறைக்கக்கூடிய இழப்பு. முதலிரண்டு இடங்களில் நடப்பது பெரும்பாலும் விளம்பரத்தின் வேலை, பதிவுப் படிவத்தின் வேலை.

வேலைநேரப் பட்டியலும் பாடத்திட்டமும்

இணையம் என்ற ஊடகத்தின் மேல் பழி போடுவதற்கும் ஆதாரம் போதாது. 2008இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, சுகாதாரத் தொழில்களுக்கான இணையவழிக் கல்வி பற்றிய 201 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. எந்தப் பயிற்சியும் தராமல் இருப்பதோடு ஒப்பிட்டால் இணையவழிக் கல்வியின் பயன் பெரிது. நேர்முக வகுப்பு உள்ளிட்ட பிற முறைகளோடு ஒப்பிட்டால் ஏறத்தாழச் சமம். கற்றுக்கொள்ள முடிகிறது. தொடர்வதுதான் சிக்கல்.

அந்தச் சிக்கலுக்கு 1985லேயே பீன், மெட்ஸ்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு நல்ல விளக்கம் தந்திருக்கிறார்கள். விடுதியில் தங்காமல், வேலையும் குடும்பமுமாக இருந்துகொண்டு படிக்கும் வயதுவந்த மாணவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்டவர்கள் நிற்பதா தொடர்வதா என்பதைத் தீர்மானிப்பதில் வகுப்பறைக்கு வெளியே உள்ளவையே பெரும்பங்கு வகிக்கின்றன: வேலை நேரம், வீட்டுப் பொறுப்பு, பணம், சுற்றியிருப்பவர் தரும் ஊக்கம். வெளிச்சூழல் துணைநின்றால் படிப்பில் உள்ள தடுமாற்றத்தைச் சமாளித்துவிடலாம். வெளிச்சூழல் எதிராக இருந்தால், பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது ஈடுகட்டாது. இணையம் பரவலாவதற்கு முன் எழுதப்பட்ட இந்தக் கருத்து, இன்றைய இணையவழிச் செவிலியர் படிப்புக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது.

சுகாதாரப் பணியில் வெளிச்சூழலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அலுவலக ஊழியருக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு என்பது ஓரளவு நிலையான நேரம். செவிலியருக்கு அப்படி எதுவும் இல்லை. இந்த வாரம் காலைப்பணி, அடுத்த வாரம் இரவுப்பணி. சக ஊழியர் விடுப்பெடுத்தால் இரட்டைப் பணி. ‘ஒவ்வொரு வாரமும் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்’ என்று பாட அறிமுகத்தில் எழுதுபவர் இதை அறியாமல் எழுதுகிறார். மாதத்துக்குப் பதினாறு மணி நேரம் அவரிடம் இருக்கலாம். ஆனால் அது நான்கு நான்காகப் பிரிந்து வருவதில்லை. ஒரு வாரம் பூஜ்யம், அடுத்த வாரம் ஒன்பது, அதற்கடுத்த வாரம் இரண்டு என்று வரும்.

விலகல் நடக்கும் விதம் இங்கிருந்துதான் புரிகிறது. ஒரு வார இரவுப்பணியில் பாடம் விட்டுப்போகிறது. திரும்பி வந்து பார்த்தால் இரண்டு வாரப் பாடம் நிலுவையில் நிற்கிறது. சிறுதேர்வின் கெடு முடிந்திருக்கிறது. கலந்துரையாடல் அடுத்த தலைப்புக்குப் போய்விட்டது. தாமதத்தைச் சுட்டும் சிவப்புக் குறி ஒன்று பக்கத்தின் மேலே. யாரும் ‘நான் விலகுகிறேன்’ என்று முடிவெடுப்பதில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்பார்கள். அந்த நாளை வருவதில்லை. மூன்று வாரம் கழித்து, சான்றிதழுக்கான வழி அடைபட்டுவிட்டது என்று அமைப்பே அறிவித்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. வாரக் கெடுக்களை எடுத்துவிட்டு, பிரிவு முழுவதற்கும் ஒரே கெடு வைக்கலாம். சிறுதேர்வை மீண்டும் எழுத அனுமதிக்கலாம். காணொளிகளைக் கைப்பேசியில் இறக்கி, இணைப்பில்லாத இடத்திலும் பார்க்கும்படி தரலாம். உலக சுகாதார நிறுவனம் 2017இல் தொடங்கிய ‘ஓப்பன்டபிள்யூஹெச்ஓ’ கற்றல் தளம், மெதுவான இணைய இணைப்பையும் மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. கள நிலைமையிலிருந்து வடிவமைப்பைத் தொடங்கினால் இத்தகைய முடிவுகள் தானாக வந்து சேரும். ஆனால் ‘கெடு இல்லாவிட்டால் யாரும் படிக்க மாட்டார்கள்’ என்ற எதிர்ப்பு உடனே எழும். அதில் பாதி உண்மை இருக்கிறது. கெடுவே இல்லாத படிப்பும் காலவரையின்றித் தள்ளிப்போகும். எனவே கெடு இருக்கட்டும். அதன் நீளம் ஆசிரியரின் வாராந்தர அட்டவணையைப் பின்பற்றாமல், பணிச்சுழற்சியின் நீளத்தைப் பின்பற்றட்டும். மூன்று வாரத்தில் சுழலும் பணிக்கு மூன்று வாரக் கெடு என்று வைத்தால் ஒருவருக்கு நடுவில் ஒரு நல்ல வாரமாவது கிடைக்கும்.

மூளை, நோய், மனிதர்

டாஸ்மேனியா படிப்பின் உள்ளமைப்புக்கு வருவோம். மூன்று பெரும் பிரிவுகள். முதலாவது மூளை, இரண்டாவது நோய்கள், மூன்றாவது மனிதர். மூளையின் அமைப்பிலிருந்து தொடங்கி, அதைத் தாக்கும் நோய்களுக்குப் போய், அந்த நோயோடு வாழும் மனிதரிடம் வந்து சேர்கிறது.

காகிதத்தில் பார்த்தால் இது ஆபத்தான வரிசை. பள்ளியில் அறிவியலை விட்டு வந்தவர்களுக்கு நரம்பணுவிலிருந்து தொடங்குவதா? எளிதான மூன்றாம் பிரிவை முன்னால் வைத்திருக்கலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆனால் முதியோர் இல்லப் பணியாளரின் இடத்திலிருந்து பார்த்தால் வரிசையின் நியாயம் தெரிகிறது. மனிதரை அவருக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். ஒரு மூதாட்டி காலையிலிருந்து அதே கேள்வியைப் பத்து முறை கேட்கிறார். அவரே தம் இளமைக்காலச் சம்பவத்தைப் பெயர், இடம் பிசகாமல் சொல்கிறார். இதை அந்தப் பணியாளர் தினமும் பார்க்கிறார். அவருக்குத் தெரியாதது ஏன் என்பது. அல்சைமர் நோய் தொடக்கக் கட்டத்திலேயே ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியைத் தாக்குகிறது. புதிய நினைவுகளைப் பதிய வைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஆகவே சற்றுமுன் கேட்ட பதில் பதிவதே இல்லை; வெகுகாலத்துக்கு முன் ஊன்றிய நினைவுகள் நீண்ட நாள் நிற்கின்றன. இதைப் படித்த மறுநாள், பதினோராவது முறை அதே கேள்வி வரும்போது அந்தப் பணியாளர் ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று சொல்வதை நிறுத்திக்கொள்ளக்கூடும்.

இரண்டாம் பிரிவும் அதே வழியில் வேலை செய்கிறது. மறதிநோய் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஒரே நோய் இல்லை. அல்சைமர், இரத்தநாளப் பாதிப்பால் வருவது, லூயி உருண்டைகள் எனப்படும், நரம்பணுக்களில் சேரும் புரதக் கட்டிகளோடு தொடர்புடையது, மூளையின் முன்பகுதியையும் பக்கப் பகுதியையும் தாக்குவது என்று பல. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டவர் கூச்சமின்றி நடந்துகொள்வதைக் குணக்கேடு என்று நினைத்துவந்த ஒருவருக்கு, அது நோயின் இயல்பு என்று தெரியவரும்போது வேலையே வேறாகத் தெரியும்.

இடைநிற்றலைக் குறைப்பதில் இதைவிட வலுவான கருவியை நான் அறியேன்: இன்று படித்தது அடுத்த பணிநேரத்திலேயே கைகொடுக்க வேண்டும். சான்றிதழ் பல வாரம் தள்ளி இருக்கிறது, பதவி உயர்வு இன்னும் தள்ளி இருக்கிறது. அவை ஒருவரைப் பதிவு செய்ய வைக்கும். களைத்துப்போன செவ்வாய்க்கிழமை இரவில் மடிக்கணினியைத் திறக்க வைப்பது நேற்று வார்டில் கண்ட ஒரு பயன்தான். ஆராய்ச்சி முறையியலையும் வரையறைகளையும் முதல் இரண்டு வாரத்தில் அடுக்கிவைக்கும் படிப்புகள், பயனைப் பிற்பகுதிக்குச் சேமித்துவைத்து, அங்கே வந்து சேர ஆளில்லாமல் நிற்கின்றன.

பேசியவர்கள் தொடர்ந்தார்கள்

டாஸ்மேனியா படிப்பை மதிப்பிட்டவர்கள் கண்ட இன்னொன்று: கலந்துரையாடல் பகுதியில் பங்கேற்றவர்களுக்கு, பங்கேற்காதவர்களைவிட முடிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. எந்தக் கல்விப் பின்னணி கொண்டவர்களுக்கும் ஈடுபாடு துணைநின்றது.

இதைப் படித்துவிட்டு உடனே ‘வாரம் இரண்டு பதிவுகள் கட்டாயம், மதிப்பெண் உண்டு’ என்று விதி போடுபவர்கள் இருக்கிறார்கள். விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே: ‘நல்ல கருத்து, நானும் உடன்படுகிறேன்’ என்ற நூற்றுக்கணக்கான பதிவுகள். ஆர்வம் உள்ளவர்கள் பேசுகிறார்கள், ஆர்வம் உள்ளவர்களே முடிக்கவும் செய்கிறார்கள் என்ற எளிய விளக்கத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பேச்சு முடிக்கவைத்தது என்று இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்லக் கூடாது.

ஆனாலும் வடிவமைப்பாளருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. மறதிநோய்ப் படிப்பில் ஒரு பராமரிப்பாளருக்குச் சொல்ல ஏதோ இருந்தது. பேராசிரியருக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்: குளிக்க மறுப்பவரை எப்படிச் சமாதானப்படுத்துவது, சாப்பாட்டுத் தட்டை எப்படி வைத்தால் சாப்பிடுவார். ‘ஹிப்போகாம்பஸின் பணியை விளக்குக’ என்று கேட்டால் அவர் ஒதுங்குவார். ‘நீங்கள் கவனித்துக்கொள்ளும் ஒருவரிடம் இதை எப்படிப் பார்த்திருக்கிறீர்கள்’ என்று கேட்டால் எழுதுவார். முதல் கேள்வி படித்தவரையும் படிக்காதவரையும் பிரிக்கிறது. இரண்டாவதில் அனுபவசாலி முன்னால் நிற்கிறார். அதுவும் முதல் வாரத்திலேயே கேட்கப்பட வேண்டும், ஏனென்றால் இழப்பில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது.

நோயாளியின் அந்தரங்கம் பற்றி ஒரு வார்த்தை. சுகாதாரப் பணியாளர்களிடம் அனுபவத்தைக் கேட்டால், அடையாளம் தெரியும் விவரங்கள் வந்துவிடும். பெயர், வயது, அறை எண், ஊர் எதுவும் வேண்டாம் என்பதைக் கேள்வியோடு சேர்த்தே எழுதிவிட வேண்டும். பிற்பாடு நீக்குவது எழுதியவரை அவமானப்படுத்தும். அவர் மறுபடி எழுத மாட்டார்.

நினைவூட்டல்களால் எவ்வளவு முடியும்

இடைநிற்றல் என்றதும் நிர்வாகம் முதலில் கேட்பது தானியங்கி மின்னஞ்சல்கள்தான். மலிவு, வேகம். இவற்றைப் பற்றி நம்மிடம் இருக்கும் ஆதாரம் அவ்வளவு உற்சாகம் தருவதாக இல்லை. 2020இல் வெளியான ஒரு பெரும் ஆய்வில், சுமார் 250 இணையப் படிப்புகளில் இரண்டரை லட்சம் மாணவர்களிடம், ‘எப்போது, எங்கே படிப்பேன்’ என்று முன்கூட்டியே திட்டமிட வைப்பது போன்ற சிறு உத்திகளை இரண்டரை ஆண்டுகள் சோதித்தார்கள். திட்டமிட வைத்தது முதல் சில வாரங்களில் ஈடுபாட்டைக் கூட்டியது. முடிப்பவர் விகிதத்தை அது குறிப்பிடும்படி உயர்த்தவில்லை. சிறிய அளவில் நம்பிக்கை தந்த உத்திகள் பெரிய அளவில் மங்கிப்போயின.

எனக்கு இதில் வியப்பில்லை. இரவுப்பணிக்குப் பிறகு தூங்கிக்கொண்டிருப்பவருக்கு ‘நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள்’ என்ற அஞ்சல் உதவி செய்யாது. ஆள் பேசுவது வேறு. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், விலகும் அபாயம் அதிகம் என்று முன்பே கணிக்கப்பட்ட மாணவர்களைப் படிப்பு தொடங்கும் முன்னரே தொலைபேசியில் அழைத்துப் பேசினார்கள். படிப்பில் தொடர்ந்தவர் விகிதம் சில சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. பெரிய அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது அழைப்பின் நேரம். விலகியபின் அழைப்பது பெரும்பாலும் இரங்கல் விசாரிப்பு.

படிப்பு நீண்டதாக இருந்தால்

இலவசமான, சில வாரங்களே நீளும் படிப்பின் பாடங்களை இரண்டு மூன்று ஆண்டுப் படிப்புக்கு அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே ஒப்பிட வேண்டியது கென்யா. அந்நாட்டில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்நிலைச் செவிலியர்களைப் பட்டயநிலைக்கு உயர்த்த வேண்டியிருந்தது. அப்போதிருந்த விடுதிக் கல்லூரிகளின் இடவசதியை வைத்துப் பார்த்தால் அதற்கு நூறாண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். 2005இல் ஆப்பிரிக்காவில் சுகாதாரப் பணி செய்யும் ஆம்ரெஃப் என்ற தொண்டு அமைப்பு, கென்யச் செவிலியர் மன்றத்தோடும் அக்சென்ச்சர் என்ற ஆலோசனை நிறுவனத்தோடும் சேர்ந்து மின்வழிப் பயிற்சியைத் தொடங்கியது. செவிலியர்கள் வேலையை விடாமல் படித்தார்கள். கணினிகள் அவர்கள் இருக்கும் சுகாதார நிலையங்களுக்கே போயின.

இங்கே மாணவரைப் பிடித்துவைத்த கயிறு தொழில் நிலை. பட்டயம் பெற்றால் பதிவுநிலை மாறும் என்பது தெளிவாக இருந்தது, அதை வழங்கும் மன்றமே திட்டத்தில் பங்காளி. ஆனால் இவ்வளவு நீண்ட பாதையில் கசிவு ஏற்படும் இடங்களும் வேறு: கட்டணத் தவணை, மருத்துவப் பயிற்சிக்காகச் சொந்த நிலையத்தை விட்டுப் போக வேண்டிய வாரங்கள், அந்த வாரங்களில் இடத்தை நிரப்ப ஆள் இல்லாத மேலாளர். இவற்றில் எதையும் பாடப்பக்க வடிவமைப்பால் தீர்க்க முடியாது. வேலை கொடுப்பவர் பணிநேரத்திலிருந்து படிப்புக்கு மணிகளை விட்டுக்கொடுக்கிறாரா, அதை எழுத்தில் தருகிறாரா என்பதே கேள்வி. ‘ஊக்குவிக்கிறோம்’ என்ற சுற்றறிக்கை மணிக்கணக்கில் வராது.

இதன் எதிர்முனையில் மருத்துவமனைகளின் கட்டாய ஆண்டுப் பயிற்சிகள் இருக்கின்றன. தீத்தடுப்பு, கைகழுவுதல் போன்றவை. அவற்றில் இடைநிற்றலே கிடையாது, முடிக்காவிட்டால் பணியேற்க முடியாது. அதிகாலை இரண்டு மணிக்கு ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிக்கொண்டே போய் நூற்றுக்கு எண்பது வாங்கியவரிடம் என்ன கற்றீர்கள் என்று கேட்பது வீண். முடித்தவர் விகிதத்தை மட்டும் இலக்காக வைக்கும் எந்த நிறுவனமும் விரைவில் இந்த வகைப் படிப்பைத்தான் உருவாக்கும்.

கடைசியாக, காரணம் கேட்கும் முறை. விலகியவர்களுக்கு அனுப்பப்படும் கேள்வித்தாளில் ‘நேரமின்மை’ என்ற கட்டமே எப்போதும் நிரம்பும். அது மரியாதையான பதில். கேட்டவரையும் புண்படுத்தாது, சொன்னவரையும் சிறுமைப்படுத்தாது. அதைவிட நம்பகமானது அவர் கடைசியாகத் திறந்த பக்கம். பலர் ஒரே காணொளியின் நடுவே நின்றிருந்தால் கோளாறு அந்தக் காணொளியில். ஒரே சிறுதேர்வுக்குப் பின் நின்றிருந்தால், தேர்வில் அல்லது அதன் பின்னூட்டத்தில். எந்தப் பக்கத்திலும் குவியாமல் சிதறி நின்று, ஆனால் ஒரே மருத்துவமனையிலிருந்து வந்தவர்களாக இருந்தால், பாடத்தைத் திருத்துவதை நிறுத்திவிட்டு அந்த மருத்துவமனையின் பணிநேரப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.